பொடியிலிருந்து உலோகம்: 3டி பிரிண்டிங் தரம் பற்றி வாசகர் கேள்விகள்

உலோக 3டி பிரிண்டிங் பற்றிக் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கானாடுகாத்தான் பக்கமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஏறக்குறைய எல்லாக் கேள்விகளும் ஒரே வகை இயந்திரத்தைப் பற்றியவை. உலோகப் பொடியை 30 அல்லது 40 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.) தடிமனில் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி, அடுக்கின்மேல் அடுக்காக உருப்படியை எழுப்பும் இயந்திரம் அது. கம்பியோ தகடோ வாங்கினால் உலோகம் ஆலையிலேயே உருவாகி மில் சர்டிபிகேட்டோடு வருகிறது. பட்டறையில் வடிவம் மட்டும் கொடுக்கிறோம். பிரிண்டிங்கில் உலோகமும் வடிவமும் ஒரே நேரத்தில் உண்டாகின்றன. அதனால் பொடியின் சர்டிபிகேட் பொடிக்கு மட்டும்தான் சாட்சி. உருப்படிக்குத் தனிச் சாட்சி தேவை.

லேத் பட்டறை, காரைக்குடி: 316எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீலில் பிரிண்ட் செய்த வால்வு பாடி பினிஷ் டர்னிங்குக்கு வந்தது. வெளியே குறை ஒன்றும் தெரியவில்லை. கால் மில்லிமீட்டர் சீவியதும் ஊசியால் குத்தியதுபோல வரிசையாகப் புள்ளிகள். அனுப்பியவர், ‘அடர்த்தி 99.6 சதவீதம் என்று ரிப்போர்ட் இருக்கிறது, உங்கள் டூல்தான் கிழித்திருக்கும்’ என்கிறார். யார் சொல்வது சரி?

நீங்கள் சொல்லும் ஆழத்தையும் வரிசையையும் பார்த்தால் டூல்மேல் பழி போட இடமில்லை. அவருடைய 99.6-உம் உண்மையாகவே இருக்கலாம். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்பதைச் சொல்கிறோம்.

லேசர் ஒவ்வொரு அடுக்கிலும் இரண்டு வேலை செய்கிறது. உருப்படியின் விளிம்பை ஒட்டி ஒன்றோ இரண்டோ சுற்றுக்கோடு போடுகிறது. உள்ளே இணைகோடுகளாக நிரப்புகிறது. நிரப்புக்கோடு விளிம்பை முட்டித் திரும்பும் இடத்தில் லேசர் கதிரைத் திருப்பும் கண்ணாடி ஒரு கணம் வேகம் குறைகிறது. அந்தக் கணத்தில் லேசர் அணையாவிட்டால் அங்கே வெப்பம் கூடிப்போய் ஆழமான குழி விழுந்து, அதன் அடியில் வாயு சிக்கிக்கொள்ளும். மாறாக, சுற்றுக்கோட்டுக்கும் நிரப்புக்கோட்டுக்கும் நடுவே போதுமான மேற்பொருத்தம் வைக்காவிட்டால் உருகாத இடைவெளி நிற்கும். எப்படி ஆனாலும் துளைகள் மேற்பரப்புக்குக் கீழே 0.1 முதல் 0.3 மி.மீ. ஆழத்தில் வளையமாக உட்காரும். நீங்கள் சீவிய ஆழம் சரியாக அந்த வளையத்தைத் திறந்திருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 20 மி.மீ. விட்டமுள்ள உருளையில் 0.2 மி.மீ. தடிமனான வளையம் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய 4 சதவீதம்தான். அந்த வளையத்தில் பத்தில் ஒரு பங்கு ஓட்டையாக இருந்தாலும் மொத்த அடர்த்தி 0.4 சதவீதம்தான் குறையும். ரிப்போர்ட்டில் 99.6 என்றே வரும்.

உறுதிசெய்ய, கழித்த உருப்படி ஒன்றைச் சீவாத பக்கத்தில் ஒயர் கட்டில் (மின்பொறிக் கம்பியால் அறுக்கும் இயந்திரம்) குறுக்கே வெட்டுங்கள். வெட்டுமுகத்தை எமரித் தாளில் படிப்படியாகத் தேய்த்து, கடைசியில் 1 மைக்ரான் வைரப் பசையில் மெருகேற்றி, 100 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். டூல் தொடாத பக்கத்திலும் அதே ஆழத்தில் புள்ளிகள் இருந்தால் விவாதம் முடிந்தது. டூல் கிழித்த குழியில் வெட்டும் திசையை நோக்கி இழுபட்ட உலோகம் தெரியும். பிரிண்ட் துளையில் அது இருக்காது. புள்ளிகள் வளையமாக இல்லாமல் நடுவிலும் பரவியிருந்தால் கோளாறு இன்னும் பெரிது. அந்த பேட்ச் முழுவதையும் நிறுத்திவையுங்கள்.

அடுத்த ஆர்டரில் லேத்தில் கடையப்போகும் முகங்களுக்கு 0.8 முதல் 1 மி.மீ. கூடுதல் வைக்கச் சொல்லுங்கள். முதல் வெட்டையே அரை மி.மீ. ஆழம் போட்டால் வளையம் மொத்தமாகப் போய்விடும். ஓ-ரிங் காடியில் துளை திறந்தால் அந்த உருப்படி கசியும். வாடிக்கையாளர் எழுத்தில் ஒப்பாமல் டிக் வெல்டிங் வைத்து அடைக்க வேண்டாம். பிரிண்ட் செய்த 316எல், அதே கிரேடு கம்பியைவிடக் கடினமானது என்பதால் மழுங்கிய இன்சர்ட்டால் உரசாமல், கூரிய கார்பைடால் வெட்டுங்கள்.

பொறியியல் மாணவி, காரைக்குடி: 316எல் கனசதுரத்தை ஆர்க்கிமிடீஸ் முறையில் அளந்தேன். காற்றில் 26.700 கிராம், நீரில் 23.340 கிராம். 99.45 சதவீதம் வந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் 99.0 என்கிறார். இதற்கு மேல், அதே பிளேட்டில் (உருப்படிகள் எழும்பும் அடித்தகடு) செங்குத்தாக நின்ற இழுவைத் துண்டு (இழுத்து முறித்துச் சோதிக்கும் துண்டு) 12 சதவீத நீட்சியிலேயே முறிந்துவிட்டது. ஒரு சதவீதம் ஓட்டைக்கு இவ்வளவு இழப்பா?

முதலில் கணக்கு. நீங்கள் நீரின் அடர்த்தியை 1.000 என்று எடுத்திருக்கிறீர்கள். அது 4 பாகை குளிர்நீருக்குப் பொருந்தும். காரைக்குடியில் பாத்திரத்து நீர் 30 பாகை இருக்கும். அப்போது அதன் அடர்த்தி 0.9957. எடை வித்தியாசம் 3.360 கிராம். 26.700-ஐ 0.9957-ஆல் பெருக்கி 3.360-ஆல் வகுத்தால் 7.912 கிராம்/க.செ.மீ. முழு அடர்த்தி 7.99 என்று வைத்தால் 99.0 சதவீதம். பேராசிரியர் சரி. வெப்பநிலையை எழுதாத அடர்த்தி ரிப்போர்ட்டை ஏற்காதீர்கள்; இந்த ஒரு தவறே அரை சதவீத ஓட்டையை மறைத்துவிடும்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் சில. துண்டை அசிட்டோனில் கழுவி உலர்த்தி எடை போடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் நீர் நன்றாக ஒட்டும். மூழ்கிய துண்டை மெல்லிய தூரிகையால் தடவிக் குமிழிகளை நீக்குங்கள். 2 மி.மீ. குமிழி ஒன்று ஒட்டியிருந்தாலே உங்கள் கனசதுரத்தில் 0.12 சதவீதம் அடர்த்தி குறைந்ததாகக் காட்டும். பிரிண்ட் ஆன சொரசொரப்பான முகங்களில் குமிழி விடாப்பிடியாக நிற்கும் என்பதால், முகங்களைத் தேய்த்துச் சமப்படுத்திவிட்டு அளப்பது நல்லது. இரண்டு சதவீதத்துக்குக் குறைவான துளையுள்ள பொடி உலோகத்துக்கான ஏஎஸ்டிஎம் பி311 என்ற அமெரிக்கத் தரக்குறிப்பு இந்த முறையைத்தான் சொல்கிறது.

இனி முறிவு. பிரிண்ட் செய்த 316எல்-இல் 30 சதவீதத்துக்குக் குறையாத நீட்சி எதிர்பார்க்கிறோம். 12 என்பது துளையின் அளவால் வந்ததல்ல, வடிவத்தால் வந்தது. துளைகள் மூன்று வகை. பொடி மணிக்குள் முன்பே சிக்கியிருந்த ஆர்கான் வாயு விட்டுச்சென்ற சிறிய உருண்டைத் துளைகள் எங்கும் சிதறிக் கிடக்கும். இழுவையில் அவை பெரிய கேடு செய்வதில்லை. சக்தி அதிகமாகி உருகுகுளம் (லேசர் பட்டு உருகிய இடம்) ஆழமாகக் குத்தும்போது அதன் அடியில் வரும் துளை கொஞ்சம் பெரிது, அதுவும் ஏறக்குறைய உருண்டை. மூன்றாவது வகை உருகாமல் விட்ட இடைவெளி. அது அடுக்கோடு தட்டையாகப் படுத்திருக்கும், ஓரங்கள் கூர்மையாக இருக்கும், உள்ளே உருகாத பொடி மணிகள் கிடக்கும். செங்குத்துத் துண்டை மேலும் கீழும் இழுக்கும்போது அந்தத் தட்டை இடைவெளி விசைக்கு நேர் குறுக்கே நிற்கிறது. அதன் கூர் ஓரத்திலிருந்து விரிசல் ஓடும். கிடையாகப் படுக்கவைத்துப் பிரிண்ட் செய்த துண்டில் அதே இடைவெளி விசைக்கு இணையாகக் கிடப்பதால் அவ்வளவு தெரியாது. உங்கள் முறிந்த முகத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். வழவழப்பான தட்டைப் பட்டைகளும் அவற்றில் முழுசாக உருண்டை மணிகளும் இருந்தால் இதுதான் காரணம்.

ஏன் வந்தது? பலரும் சக்தி அடர்த்தி (ஒரு கன மி.மீ. உலோகத்துக்குச் சேரும் லேசர் ஆற்றல்) என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். 200 வாட், விநாடிக்கு 800 மி.மீ., கோட்டு இடைவெளி 0.1 மி.மீ., அடுக்கு 0.03 மி.மீ. என்றால் கன மி.மீ.க்கு 83 ஜூல். 400 வாட், 1600 மி.மீ. வேகம் என்றாலும் அதே 83தான். ஆனால் இரண்டிலும் உருகுகுளத்தின் வடிவம் வேறு. அந்த எண்ணை நம்புவதைவிட உருகுகுளத்தையே அளப்பது மேல். கனசதுரத்தைச் செங்குத்தாக வெட்டி, மெருகேற்றி, 10 சதவீத ஆக்சாலிக் அமிலத்தில் மின்னரிப்புச் செய்தால் கடைசி அடுக்கின் குளங்கள் வில்வடிவமாகத் தெரியும். அவற்றின் அகலத்தையும் ஆழத்தையும் அளங்கள். கோட்டு இடைவெளியை அகலத்தால் வகுத்து வர்க்கம் எடுங்கள், அடுக்குத் தடிமனை ஆழத்தால் வகுத்து வர்க்கம் எடுங்கள், இரண்டையும் கூட்டுங்கள். விடை 1-க்குள் இருந்தால்தான் பக்கத்துக் குளங்கள் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று சேரும்.

அகலம் 0.13, ஆழம் 0.09 என்றால் 0.59-உம் 0.11-உம் சேர்ந்து 0.70, நிம்மதி. லேசர் கண்ணாடியில் புகை படிந்தோ, ஆர்கான் ஓட்டம் குறைந்தோ குளம் அகலம் 0.105, ஆழம் 0.06 என்று சுருங்கினால் 0.91-உம் 0.25-உம் சேர்ந்து 1.16. இயந்திரத் திரையில் எண்கள் எதுவும் மாறியிருக்காது, உலோகத்தில் இடைவெளி விழுந்திருக்கும். ஆகவே முதலில் கண்ணாடியைத் துடையுங்கள், ஆர்கான் பில்டரைப் பாருங்கள், முறிந்த துண்டு பிளேட்டில் எந்த மூலையில் நின்றது என்று பாருங்கள். வாயு வெளியேறும் பக்கத்தில் நின்றிருந்தால், மற்ற உருப்படிகளிலிருந்து தெறித்த துகள்கள் அதன்மேல் விழுந்திருக்கும். வெளியேறும் பக்கத்தில் உள்ளவற்றை முதலில் உருக்கி, வாயு வரும் திசையை நோக்கி நகரும்படி வரிசையை மாற்றினால் இது குறையும்.

டிப்ளமோ மாணவர், திருப்பத்தூர்: பிளேட்டிலிருந்து ஒயர் கட்டில் அறுத்து எடுத்ததும் நீளமான பிராக்கெட் வாழைப்பழம்போல வளைந்துவிட்டது.

அறுக்கும் முன் அழுத்த நீக்கச் சூடு கொடுக்கவில்லை. ஒவ்வொரு அடுக்கும் குளிர்ந்து சுருங்கும்போது கீழ் அடுக்கை இழுக்கிறது. பிளேட் பிடித்துவைத்திருக்கும் வரை அந்த இழுவிசை உள்ளே அடங்கியிருக்கும். பிளேட்டோடு சேர்த்தே உலையில் வையுங்கள். 10 சதவீதம் சிலிக்கான் கலந்த அலுமினியத்துக்கு 300 பாகையில் 2 மணி நேரம். இன்கொனெல் 718 என்ற நிக்கல் கலவைக்கு 1065 பாகையில் ஒன்றரை மணி நேரம். டைட்டானியம் 6-4 கலவைக்கு 800 பாகையில் 2 முதல் 4 மணி நேரம், அதுவும் வெற்றிடத்தில் அல்லது சுத்தமான ஆர்கானில். வளைந்ததைத் தட்டி நிமிர்த்த வேண்டாம்.

ஆய்வகப் பணியாளர், காரைக்குடி: ஐப்பசி, கார்த்திகை மழையில் அலுமினியப் பொடி கட்டிகட்டியாகிறது. பரப்பும் பிளேடின் கீழ் கோடுகோடாக வெற்றிடம் விழுகிறது. சூடாக்கினால் போதுமா?

சூடாக்குவது உதவும், ஆனால் ஈரம் எப்படி உள்ளே போகிறது என்பதை முதலில் அடைக்க வேண்டும். ஏசி அறையில் 22 பாகையில் இருந்த டப்பாவை வெளியே கொண்டுவந்து உடனே திறக்கிறார்கள். மழைநாளில் 30 பாகை, 85 சதவீத ஈரப்பதம் என்றால் காற்றின் பனிநிலை சுமார் 27 பாகை. குளிர்ந்த பொடிமேல் நீர் படிந்தே தீரும். டப்பா வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் தொடாதீர்கள். பெரிய டப்பாவானால் ஓர் இரவு விட்டுவையுங்கள். திறந்த பொடியை ஆர்கான் நிரப்பி, சிலிக்கா ஜெல் பையோடு மூடுங்கள்.

ஈரமான பொடியை வெற்றிட அடுப்பில் 80 பாகையில் குறைந்தது 4 மணி நேரம் உலர்த்தலாம். தட்டில் 2 செ.மீ.க்கு மேல் உயரமாகக் கொட்டாதீர்கள், அடிப்பொடி காயாது. அலுமினியத்தில் ஈரம் கட்டியாவதோடு நிற்பதில்லை. உருகும்போது நீர் பிரிந்து ஹைட்ரஜன் உலோகத்தில் கரைகிறது. உறையும்போது உருண்டைத் துளைகளாக வெளிவருகிறது. பரப்புவது சரியாகிவிட்டது என்பதால் பொடி சரியாகிவிட்டது என்று முடிவு கட்டாமல், சிறு கனசதுரம் ஒன்றைப் பிரிண்ட் செய்து வெட்டிப் பாருங்கள்.

பொடியைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஹால் புனல் வழியாக 50 கிராம் பொடி இறங்கும் நேரத்தைக் குறியுங்கள். மெல்லிய அலுமினியப் பொடி அதன் 2.5 மி.மீ. துளையில் பெரும்பாலும் ஓடாது; 5 மி.மீ. துளையுள்ள கார்னி புனலைப் பயன்படுத்துங்கள். பிறகு தளர்வாக நிரப்பிய அடர்த்தியையும் தட்டித்தட்டி அமுக்கிய அடர்த்தியையும் அளந்து, இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். 316எல் பொடியில் 4.2, 4.9 என்று வந்தால் விகிதம் 1.17, நல்ல ஓட்டம். 1.25-ஐத் தாண்டினால் பரப்பும்போது தொல்லை நிச்சயம்.

மாதிரி எடுக்கும் விதம்தான் பலர் கோட்டைவிடும் இடம். லாரியில் குலுங்கி வந்த டப்பாவில் நுண்மணிகள் கீழே இறங்கி, பருமணிகள் மேலே நிற்கும். மேலாகக் கரண்டியில் அள்ளினால் அது அந்த டப்பாவின் பொடியே அல்ல. மேல், நடு, அடி மூன்றிலும் குழாய்ச் சாம்பிளரால் எடுத்துக் கலந்து சோதியுங்கள்; பயன்படுத்தும் முன் டப்பாவை உருட்டிக் கலக்குங்கள். மிஞ்சிய பொடியை 63 மைக்ரான் சல்லடையில் சலித்தால் தெறித்த பெரிய துகள்கள் நின்றுவிடும். ஆனால் சல்லடை ஆக்சிஜனைப் பிரிக்காது. டைட்டானியப் பொடி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளும். சாதாரண கிரேடுக்கு 0.20 சதவீதமும் மருத்துவ உள்வைப்புகளுக்கான இஎல்ஐ கிரேடுக்கு 0.13 சதவீதமும் எல்லை. அதை ரசாயனச் சோதனையில்தான் அறிய முடியும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறோம், உயிர் சம்பந்தப்பட்டது என்பதால். அலுமினிய, டைட்டானியப் பொடி காற்றில் தூசியாக எழும்பினால் ஒரு தீப்பொறியில் வெடிக்கும். சாதாரண வேக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். வெடிப்புக் காப்புள்ள ஈரவகை கிளீனர்தான் வேண்டும். இயந்திரம், சல்லடை, டப்பா எல்லாவற்றுக்கும் எர்த் இணைப்பு இருக்கட்டும். தீப்பிடித்தால் தண்ணீரோ கார்பன் டை ஆக்சைடோ கூடாது. உலோகத் தீக்கான டி வகை அணைப்பானை வாசலருகே மாட்டுங்கள். பில்டரில் படியும் உலோகப் புகைக்கரி, பொடியைவிட ஆபத்தானது, காற்றுப் பட்டதும் தானே பற்றிக்கொள்ளக்கூடியது. இயந்திரம் தயாரித்தவரின் கையேட்டில் உள்ள வரிசையை விட்டு விலகி பில்டரை மாற்றாதீர்கள்.

சிறுதொழில் முனைவோர், கோட்டையூர்: பிரிண்ட் பாதியில் கரண்ட் போய் 40 நிமிடம் நின்றது. தொடர்ந்து முடித்தோம். பார்வைக்கு ஒரு மெல்லிய கோடுதான் தெரிகிறது. கொடுத்துவிடலாமா?

சுமை தாங்கும் உருப்படி என்றால் கொடுக்க வேண்டாம். நின்ற நேரத்தில் உருப்படி குளிர்ந்து சுருங்கியிருக்கிறது. 316எல் ஒரு பாகைக்கு மீட்டருக்கு 16 மைக்ரான் சுருங்கும். 50 மி.மீ. உயரம் எழும்பிய நிலையில் 120 பாகையிலிருந்து 30-க்கு இறங்கினால் உயரத்தில் 0.07 மி.மீ. குறைந்திருக்கும். அடுத்துப் பரப்பிய அடுக்கு 0.04-க்குப் பதில் 0.11 மி.மீ. பொடியாகிவிட்டது. லேசர் 0.04-க்கான சக்தியில்தான் உருக்கியது. கீழ் அடுக்கோடு முழுசாகச் சேர்ந்ததா என்பது அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. ஆக்சிஜனும் அந்த நேரத்தில் அறைக்குள் ஏறியிருக்கும்.

மாதிரிக்காகச் செய்த உருப்படியென்றால் கோட்டைக் காட்டிச் சொல்லிவிட்டுக் கொடுக்கலாம். இனிமேல் முழு உயரத்துக்கும் சோதனைத் துண்டு ஒன்று கூடவே எழும்பட்டும். நின்ற உயரம் இழுவைத் துண்டின் மெலிந்த நடுப்பகுதியில் வரும்படி கடைந்து இழுத்தால் ஐயத்துக்கு இடமிருக்காது. 20 மி.மீ. உயரத் துண்டை வைத்துக்கொண்டு 50 மி.மீ. உயரத்தில் நடந்ததற்குச் சாட்சி தேட முடியாது. லேசருக்கு மட்டுமல்லாமல் சில்லருக்கும் ஆர்கான் பம்புக்கும் சேர்த்து யுபிஎஸ் போடுங்கள்.

அரிசி ஆலை, புதுவயல்: ராக்கெட் இன்ஜினையே பிரிண்ட் செய்கிறார்கள். எங்கள் எலிவேட்டர் ஷாப்டும் ஸ்ப்ராக்கெட்டும் ஏன் கூடாது?

இஸ்ரோ 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் 665 விநாடிகள் ஓட்டிச் சோதித்த பிஎஸ்4 இன்ஜினை (பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்ட இன்ஜின்) எடுத்துக்கொள்ளுங்கள். 14 பாகங்கள் ஒன்றாகின, 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமல் போயின, 565 கிலோ மூல உலோகம் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ பொடி போதுமானது. அந்த லாபம் வடிவத்தின் சிக்கலிலிருந்து வருகிறது. ஷாப்ட் உருண்டைக் கம்பி. லேத்தில் அரை நாள் வேலை. அதைப் பிரிண்ட் செய்தால் பல மடங்கு செலவாகும், சொரசொரப்பான மேற்பரப்பால் மாறிமாறி வரும் சுமையில் சீக்கிரம் விரிசல் விடும், பேரிங் உட்காரும் இடத்தைக் கடைசியில் லேத்தில்தான் கடைய வேண்டும். பழைய இயந்திரத்தின் வார்ப்புப் பாகம் உடைந்து அச்சும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் உலோகத்தில் பிரிண்ட் செய்யாமல், வார்ப்புக்கான பேட்டர்னை பிளாஸ்டிக்கில் பிரிண்ட் செய்து கோயம்புத்தூர் பவுண்டரி ஒன்றில் ஊற்றுவதுதான் உங்களுக்குக் கட்டுப்படியாகும்.

கானாடுகாத்தான் வாசகி: பூர்வீக வீட்டு நிலைக்கதவில் ஒரு பக்கத்துப் பித்தளைக் கைப்பிடி தொலைந்துவிட்டது. இன்னொன்றை ஸ்கேன் செய்து பித்தளையிலேயே பிரிண்ட் செய்ய முடியுமா?

பித்தளையை நேரடியாக லேசரில் உருக்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பித்தளையில் உள்ள துத்தநாகம் 907 பாகையிலேயே கொதித்துவிடும். செம்பு உருகுவதற்கே 1085 பாகை வேண்டும். லேசர் பட்ட இடத்தில் துத்தநாகம் ஆவியாகிப் புகை கிளம்பும், துளை விழும், நிறமும் மாறும். செம்பு சார்ந்த உலோகங்கள் சாதாரண அகச்சிவப்பு லேசரின் பெரும்பகுதியைத் திருப்பியும் அனுப்பிவிடும்.

உங்களுக்கு ஏற்ற வழி மெழுகு வார்ப்பு. மெழுகுக்குப் பதிலாகப் பிரிண்ட் செய்த வார்ப்பு ரெசின். பளபளக்கும் பித்தளையை ஸ்கேனர் சரியாகப் பார்க்காது என்பதால், சில மணி நேரத்தில் தானே ஆவியாகும் வெள்ளை ஸ்பிரே அடித்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பழைய மேற்பரப்பை அதற்காகத் தேய்க்க விடாதீர்கள். கணினி உருவை 1.5 சதவீதம் அளவில் பெரிதாக்குங்கள், பித்தளை உறையும்போது சுருங்கும் அளவு அது. தடித்த பகுதிகளை உள்ளீடற்றதாக வையுங்கள்; மெழுகுபோல ரெசின் உருகி ஓடாது, சூட்டில் விரிந்து அச்சை வெடிக்கவைக்கும். அச்சை மெதுவாக 730 பாகை வரை ஏற்றி, காற்று நன்றாகப் போகும்படி எரித்தால் சாம்பல் மிஞ்சாது. சாம்பல் மிஞ்சினால் வார்ப்பின் முகத்தில் ஊசித்துளைகள் வரும். ஊற்றுவதற்கு முன், பழைய கைப்பிடியின் செம்பு, துத்தநாக விகிதத்தை உலோகச் சோதனைக்கூடத்தில் எக்ஸ்ரே கொண்டு கலவையைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கருவியால் பார்த்துக்கொள்ளுங்கள். பொருளை வெட்டத் தேவையில்லை, புதியதும் பழையதும் நிறத்தில் சேரும்.

பலகாரத் தொழில் நடத்துபவர், காரைக்குடி: தேன்குழலுக்கும் மனகோலத்துக்கும் எங்கள் அளவில் அச்சுத் தட்டுகள் 316எல்-இல் பிரிண்ட் செய்து வாங்கினோம். மாவு துளைகளில் பிடிக்கிறது. உணவுக்கு இது பாதுகாப்பானதா?

இப்போதுள்ள நிலையில் பயன்படுத்தாதீர்கள். பிரிண்ட் ஆன முகத்தில் பாதி உருகிய பொடி மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பிழியும் அழுத்தத்தில் அவை மாவோடு வரலாம். துளைகளை ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டுவந்து, தட்டை முகங்களைத் தேய்த்து, முழுவதையும் மின்மெருகு செய்ய வேண்டும். அது மின்வேதியியல் வேலை. அந்தத் துறைக்கென்றே 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) உங்கள் ஊரிலேயே இருப்பதால் ஐயம் இருந்தால் அங்கே எழுதிக் கேளுங்கள். கடைசியாக 4 முதல் 10 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலில், 50 முதல் 60 பாகையில், குறைந்தது 10 நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் துருக்காப்புப் படலம் சீராக அமையும். அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவிய நீரை வெள்ளை வடிதாளில் வடித்து லென்ஸில் பாருங்கள். மணி ஒன்றுகூடத் தெரியாமல் போகும்வரை கழுவ வேண்டும்.

நேரான துளைகள் மட்டுமே உள்ள தட்டுக்கு இவ்வளவும் வீண் செலவு. 3 மி.மீ. 304 ஸ்டெயின்லெஸ் தகட்டில் ஒயர் கட் போடுங்கள்.

கொள்முதல் பிரிவு ஊழியர், பள்ளத்தூர்: வெளியில் பிரிண்ட் செய்து வாங்குகிறோம். சிடி ஸ்கேன் எடுத்தால் மற்றச் சோதனைகள் வேண்டாம் என்கிறார்கள். ஆர்டரில் என்ன எழுத வேண்டும்?

சிடி ஸ்கேன் நல்ல கருவி. ஆனால் அதன் பார்வை உருப்படியின் அகலத்தைப் பொறுத்தது. 100 மி.மீ. அகலமான உருப்படியை 2000 புள்ளி அகலமுள்ள உணரியில் எடுத்தால் ஒரு புள்ளி 50 மைக்ரான். ஒரு குறையை நம்பிக்கையோடு சொல்ல மூன்று புள்ளியாவது வேண்டும், அதாவது 150 மைக்ரான். 20 மைக்ரான் தடிமனில் தட்டையாகப் படுத்திருக்கும் உருகாத இடைவெளி அதில் தெரியாமலே போகலாம். தடித்த ஸ்டீலில் எக்ஸ்ரே ஊடுருவுவதும் கடினம். சிடி ரிப்போர்ட்டில் புள்ளி அளவு எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டை பெனட்ரன்ட் (விரிசலில் சாயம் ஊறவைத்துப் பார்க்கும் சோதனை) வேண்டுமென்றால் கடைந்த முகத்தில் செய்யுங்கள். சொரசொரப்பில் சாயம் எங்கும் தங்கி ஒன்றும் புரியாது.

‘ஹிப்’ (சூட்டோடு வாயு அழுத்தம் கொடுத்து அமுக்குதல்) செய்தால் எல்லாம் அடைந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். டைட்டானியம் 6-4-ஐ 895 முதல் 955 பாகையில், 100 மெகாபாஸ்கலுக்குக் குறையாத ஆர்கான் அழுத்தத்தில் வைத்தால் உள்ளே மூடிய துளைகள் அமுங்கிச் சேரும். மேற்பரப்போடு தொடர்புள்ள துளைக்குள் அதே ஆர்கான் புகுந்துவிடுவதால் அது அடையாது.

ஆர்டரில் எழுத வேண்டியது: உருப்படி நிற்கும் அதே பிளேட்டில், அதே பொடியில், செங்குத்தாக மூன்று இழுவைத் துண்டுகள், அவற்றில் ஒன்றாவது வாயு வெளியேறும் மூலையில், உயரம் உருப்படியின் உயரத்துக்குக் குறையாமல். அடர்த்திக்கும் வெட்டுமுகத்துக்கும் தனிக் கனசதுரம். எல்லாமே உருப்படியோடு அதே உலையில், அதே சுற்றில் வெப்பப் பதம் பெற வேண்டும். சோதனை என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் பெற்ற கூடத்தில் நடக்கட்டும். ரிப்போர்ட்டில் எந்தத் துண்டு பிளேட்டில் எங்கே நின்றது என்ற வரைபடமும், பொடி லாட் எண்ணும், புதுப்பொடி எத்தனை பங்கு, பழையது எத்தனை பங்கு என்பதும், பிரிண்ட் இடையில் நின்றதா என்ற இயந்திரப் பதிவும் சேர்ந்து வரவேண்டும்.

இழுவை எண்ணை மட்டும் பார்த்து மகிழாதீர்கள். பிரிண்ட் செய்த 316எல்-இன் இளகுவலிமை (உலோகம் நிரந்தரமாக நீளத் தொடங்கும் இழுவிசை அளவு) 450 மெகாபாஸ்கலைத் தாண்டும். 316எல் தகட்டுக்குக் கேட்கும் குறைந்த அளவு 170தான். வேகமாக உறைவதால் உலோகத்துக்குள் அரை மைக்ரான் அளவுக் கண்ணறைகள் (இவை துளைகள் அல்ல) அமைவது இதற்குக் காரணம். துளை இருந்தாலும் இந்த எண் நன்றாகவே வரும். குறையைக் காட்டிக்கொடுப்பது செங்குத்துத் துண்டின் நீட்சிதான். மூன்று துண்டுகளின் சராசரியை வாங்காமல் ஒவ்வொன்றின் நீட்சியையும் தனியாகக் கேளுங்கள். ஒன்று 42, ஒன்று 40, ஒன்று 18 என்று வந்தால், 18 வந்த மூலையில் நின்ற உருப்படிகளைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மற்றவற்றைப் பேசலாம். முறிந்த துண்டுகளையும் 100 கிராம் பொடியையும் மூடி முத்திரையிட்டு, உருப்படி ஓடும் காலம் வரை கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.